குரோம்பேட்டைக்கு முன்னால் ஆவாரம்பட்டை

குரோம்பேட்டை என்ற பெயரைத் தினமும் எத்தனை பேர் சொல்கிறோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் கண்டக்டர் கூவுகிறார். பீச்-தாம்பரம் ரயிலில் ஸ்பீக்கர் அறிவிக்கிறது. அப்துல் கலாம் படித்த எம்.ஐ.டி. இருக்கும் ஊர் என்று பொது அறிவுக் கேள்விகளில் வருகிறது. ஆனால் அந்தப் பெயருக்குள் சாமி இல்லை, ராஜா இல்லை, ஜமீன்தாரும் இல்லை. இருப்பது குரோமியம். கெமிஸ்ட்ரி லேபில் பச்சையும் ஆரஞ்சுமாக உப்புக் கரைசல் காட்டுவார்களே, அந்த உலோகம்தான்.

ஏன் இந்தப் பெயர் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், 'இங்க குரோம் லெதர் கம்பெனி இருந்துச்சுப்பா' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சரியான பதில்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பெனி 'குரோம்' லெதர் என்று தனியாகப் பெயர் வைத்துக்கொள்கிறது என்றால், அதுவரை ஊரில் லெதர் வேறு எதிலோ தயாராகிக்கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்? அந்த வேறு ஏதோ ஒன்று பெரும்பாலும் நம் ரோட்டோரத்து ஆவாரஞ்செடியின் பட்டை. பொங்கலுக்குக் கூரையில் செருகுகிற அதே மஞ்சள் பூச்செடி. ஏறக்குறைய நூறு வருஷம் சென்னை மாகாணத்தின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்றை இந்தச் செடி தாங்கியிருக்கிறது. அதைத் தோற்கடித்தவனின் பெயர் ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டது. ஆவாரையின் பெயரில் ஒரு ரயில்வே ஸ்டேஷனும் இல்லை.

செடியை முதலில் பார்த்துவிடுவோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனவர்களுக்கு அந்த நிலம் தெரியும். அங்கங்கே மொட்டைப் பாறைக் குன்று, அடிவாரத்தில் சரளை மண், ஏரி வற்றினால் வெடித்துக் கிடக்கும் தரை. நெல் விளையும் இடத்தை விட்டு இரண்டடி மேலே ஏறினால் வேறு உலகம். உரம், தண்ணீர் எதுவும் கேட்காமல் இடுப்பளவுக்கு, சில இடங்களில் ஆள் உயரத்துக்கு வளரும் புதர்தான் ஆவாரை. ஆடு மாடு பெரும்பாலும் சீந்தாது. அதனாலேயே மேய்ச்சல் நிலத்திலும் பிழைத்துக்கொள்கிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். இந்தக் கடைசிக் குணத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லின்னேயஸ் 1753-ல் இதற்குக் காசியா ஆரிகுலேட்டா என்று பெயர் வைத்தார். இப்போது சென்னா ஆரிகுலேட்டா. ஆரிகுலேட்டா என்றால் காது உள்ளது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்னக் காது மடல் போல இருப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. நம் ஆட்கள் அதற்கு ஒன்றரை ஆயிரம் வருஷம் முன்பே இதைக் கவனித்துவிட்டார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் ஆவிரையும் உண்டு. காதலில் தோற்றவன் பனை மடலில் குதிரை செய்து ஊர் நடுவே ஏறிவரும்போது சூடிக்கொள்ளும் பூக்களிலும் ஆவிரை உண்டு. வாசனைக்காக யாரும் வைத்துக்கொள்ளாத, யார் வேண்டுமானாலும் பறிக்கக்கூடிய பூ என்பதால்தான் அந்த மானக்கேடான ஊர்வலத்துக்கு அது பொருத்தமாக இருந்ததோ என்னவோ. இது என் ஊகம்தான், தமிழ் ஐயாக்கள் மன்னிக்கவும் :-)

தெலுங்கில் தங்கேடு. பதுகம்மா பண்டிகையில் அடுக்குவது இந்தப் பூவைத்தான். 2014-ல் தெலங்கானா பிறந்தபோது மாநில மலராகவே அறிவித்துவிட்டார்கள். இலங்கையில் சிங்களவர்கள் ரணவரா என்று டீ மாதிரி போட்டுக் குடிக்கிறார்கள். நம் பக்கத்தில் போகியன்று காப்புக் கட்ட வேப்பிலை, சிறுபீளையோடு ஆவாரம்பூ. சித்த வைத்தியத்தில் சர்க்கரை நோய்க்கு ஆவாரைக் குடிநீர். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் ஆள் ஏன் சாகிறான் என்று வியக்கும் பழமொழியும் எல்லோருக்கும் தெரிந்ததே. எல்லாம் பூவைப் பற்றியது, அல்லது மருந்தைப் பற்றியது. பட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காசு இருந்தது பட்டையில்தான்.

ஏன் பட்டை? வாழைக் கச்சலைக் கடித்தால் வாய் இழுத்துக்கொள்கிறதே, கடுக்காயைக் கடித்தால், பாலில்லாத கெட்டி டீயைக் குடித்தால் நாக்கு வறண்டு சுருங்குகிறதே, அந்தத் துவர்ப்புக்குக் காரணமான பொருள் டேனின். எச்சிலில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்வதால்தான் அப்படித் தோன்றுகிறது. மாட்டுத் தோலிலும் இருப்பது புரதம்தான், கொலாஜன் என்ற நார். பச்சைத் தோலை அப்படியே விட்டால் நாலு நாளில் அழுகும், காயவைத்தால் பலகையாகும். டேனின் அந்த நார்களைப் பிடித்துக் கட்டிவிட்டால் அழுகாது, மடங்கும், வருஷக்கணக்கில் நிற்கும். பச்சைத்தோல் லெதர் ஆவது இவ்வளவுதான். ஆவாரம்பட்டையில் காய்ந்த எடையில் ஏறக்குறைய 18 சதவீதம் டேனின் உண்டு.

வேலை என்னவோ இவ்வளவு சுலபமில்லை. வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் நாள்கணக்கில் போட்டு, மயிரை உதிர்த்து, உட்புறத்து ஊன் சதையை வளைந்த கத்தியால் சீவி, சுண்ணாம்பு போகக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டைத் தொட்டி. இடித்த ஆவாரம்பட்டையைத் தண்ணீரில் போட்டு, முதலில் பழைய, வீரியம் குறைந்த ஊறலில் தோலை இறக்குவார்கள். பிறகு புதுசு, அதற்குப் பிறகு இன்னும் புதுசு. எடுத்த எடுப்பிலேயே கடுமையான ஊறலில் போட்டால் மேல்தோல் மட்டும் பிடித்து, உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். தினமும் ஆள் இறங்கிப் புரட்ட வேண்டும், மிதிக்க வேண்டும். மாட்டுத் தோலுக்கு வாரக்கணக்கு ஆகும். முடிவில் கடுக்காய் ஊறலில் ஒரு முக்கு, எண்ணெய் தடவல், நிழலில் உலர்த்தல். கடுக்காய் ஏன் என்றால், ஆவாரையில் பதனிட்ட தோல் வெளிர் நிறத்தில் அழகாக வரும், ஆனால் வெயில் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் அதைக் கொஞ்சம் தடுக்கும்.

ஊர்ச் செருப்பு, கவலை ஏற்றத்தின் தோல் பை, மேளத் தோல் என்று உள்ளூருக்குள் நடந்த இந்த வேலை கப்பல் ஏறியது 19-ஆம் நூற்றாண்டில். 1840-களில் புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் தெ சூசா என்ற யூரேஷியர் முறைகளைச் சீர்படுத்திச் சென்னைப் பக்கம் கொண்டுவந்தார் என்று இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அது மேற்கே நீண்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் துறைமுகத்தோடு சேர்ந்துகொண்டன. தோல் வியாபாரத்தில் முஸ்லிம் வணிகர்கள் பெரிய அளவில் இறங்கினார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்புறம் இருக்கும் பெரியமேடு தோல் மண்டியானது.

சென்னையிலிருந்து போனது பாதி வேலை முடிந்த தோல். லண்டனில் பெர்மாண்ட்சி என்ற தோல் பேட்டையில் அதை ஏலம் எடுத்து, மறுபடி சாயம் போட்டு, மெருகேற்றி, ஷூவாகவும் பையாகவும் விற்றார்கள். மாட்டுத் தோலுக்கு அங்கே 'ஈஸ்ட் இந்தியா கிப்' என்று பெயர். நம் ஊர் மாடுகள் சின்னவை, தோல் மெல்லியது, ஷூவின் மேற்பாகத்துக்குக் கச்சிதமாக இருந்தது. நம் ஆட்டுத் தோலுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் வேடிக்கை: 'பெர்ஷியன்'. பாரசீகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சென்னை ஆடு, செங்கல்பட்டோ சேலமோ எங்கோ உரித்த ஆவாரம்பட்டை, லண்டன் கடையில் பாரசீகம்!

அந்த 'பெர்ஷியன்' ஒரு வம்பிலும் மாட்டியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து லைப்ரரிகளில் தோல் பைண்டிங் போட்ட புத்தகங்கள் சிவப்புப் பொடியாக உதிர ஆரம்பித்தன. பழைய புத்தகங்கள் அல்ல, புதிதாக பைண்ட் செய்தவை. 1900-ல் லண்டனின் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு கமிட்டி போட்டு விசாரித்தது. குற்றவாளிகள் வரிசையில் நிறுத்தப்பட்டவற்றில் ஒன்று கிழக்கிந்தியத் தோல், அதற்குக் காரணம் என்று சொல்லப்பட்டது 'டர்வார்' பட்டை. டர்வார் என்பது வடக்கே நம் ஆவாரைக்கு வழங்கும் பெயர். நகரத்துப் புகையும் கேஸ் விளக்கின் வாயுவும் சேர்ந்தால் இந்த வகை டேனின் தாங்காது. கோடம்பாக்கம் வெயிலில் செருப்பாக உழைத்த தோல், லண்டன் புகையில் புத்தக அட்டையாகத் தோற்றது.

இந்த வியாபாரத்தின் அடியில் இருந்த இருட்டையும் சொல்லிவிட வேண்டும். தோல் ஏற்றுமதி எப்போது ஏறியது தெரியுமா? 1876-லிருந்து 78 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில். மழை இல்லை, வைக்கோல் இல்லை, மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஊரில் சனம் கஞ்சித் தொட்டி முன் நின்றுகொண்டிருந்தபோது துறைமுகத்தில் தோல் கட்டுகள் குவிந்தன. ஏற்றுமதிக் கணக்கை மட்டும் பார்ப்பவனுக்கு அது செழிப்பான வருஷமாகத்தான் தெரியும். பஞ்சத்தில் மனிதனுக்கு உணவாகாத ஆவாரை, செத்த மாட்டை லண்டனுக்கு அனுப்ப மட்டும் உதவியது. இந்த இடத்தை எழுதும்போது எனக்கு என்னவோ போல் இருந்தது.

பட்டை உரித்தவர்கள் கூலி ஜனங்கள். காட்டுப் பொருள்களில் ஒன்றாக ஆவாரம்பட்டை வனத்துறை ஏலக் கணக்குகளில் இடம் பிடித்தது. கிளையை வெட்டி, கட்டையால் தட்டி, பட்டையை உருவி, காயவைத்து, கட்டுக் கட்டாக டேனரி வாசலுக்கு. சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். கை கால் தோல் அரிக்க அரிக்க வேலை செய்துவிட்டு, அந்த வேலையைச் செய்ததற்காகவே தெருவுக்குள் வரக்கூடாது என்று நிறுத்தப்பட்டவர்கள். தோல் விற்ற காசு தீட்டாகவில்லை, தோலைத் தொட்ட கை மட்டும் தீட்டானது. நான் படித்தவற்றில் என்னை நிறுத்திவைத்த செய்தி ஒன்று உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் இருக்கிறது. மதுரைப் பக்கத்து அருந்ததியர் (அவர் அன்றைய சாதிப் பெயரால் எழுதுகிறார்) ஆவாரஞ்செடியை மிகவும் மதித்தார்களாம். கல்யாணத்துக்கு முன் முதலில் ஆவாரங்கிளை ஒன்றுக்குத் தாலி கட்டுவார்களாம். அரச மரத்துக்கும் வேப்ப மரத்துக்கும் கல்யாணம் செய்து வைக்கிற ஊரில், ஒரு புதருக்குத் தாலி. சோறு போட்ட செடிக்குச் செய்த மரியாதை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆவாரையின் வரலாற்றில் அதற்குக் கிடைத்த ஒரே நேர்மையான மரியாதையும் அதுதான்.

இனி குரோமியம் வரும் கதை. ஜெர்மன் வேதியியலாளர் ஃப்ரீட்ரிக் க்னாப் 1858-லேயே குரோம் உப்பு தோலைப் பதனிடும் என்று கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அதைத் தொழிலாக்கவில்லை. 1884-ல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை வாங்கினார், 1893-ல் மார்ட்டின் டென்னிஸ் இன்னும் எளிமையாக்கினார். பட்டைக்கு வாரங்கள் என்றால் குரோமுக்கு மணி நேரங்கள் போதும். தோல் மெல்லிசாக, மிருதுவாக வந்தது, வெந்நீரைத் தாங்கியது. ஃபிலடெல்ஃபியாவின் ஆலைகள் உலகம் முழுக்க ஆட்டுத் தோலைத் தேடின. சென்னை ஆட்டுத் தோல் அவர்களுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது பச்சைத் தோல். ஆவாரையில் போட்டுக் கெடுக்காதே, அப்படியே அனுப்பு, நாங்கள் குரோமில் போட்டுக்கொள்கிறோம்!

விளைவு உடனே தெரிந்தது. பச்சைத் தோலுக்கு நல்ல விலை கிடைக்கும்போது யார் பதனிட்டுக்கொண்டிருப்பார்கள்? டேனரிகள் மூடின. அப்போதுதான் ஆல்ஃபிரட் சாட்டர்டன் உள்ளே வருகிறார். இவர் சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். 1898-ல் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்ய வைத்தவரும் இவர்தான், ஆக நம் வீட்டு அலுமினிய அண்டாவுக்கு இவர் ஒருவகையில் தாத்தா. தோல் பச்சையாகக் கடல் தாண்டாமல் இருக்க வேண்டுமானால் நாமே குரோமில் பதனிடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். 1903 முதல் அரசுச் செலவில் சோதனை செய்தார். ஷூவில் ஆரம்பிக்கவில்லை. கிணற்றில் ஆரம்பித்தார்! கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும் தோல் பை ஆவாரையில் பதனிட்டதாக இருந்தால் நனைந்து நனைந்து சீக்கிரம் நைந்துபோகும், குரோம் தோல் தாங்கும். விவசாயி வாங்கினார். செருப்பு அதற்குப் பிறகு.

அரசாங்கமே ஆலை நடத்தி வியாபாரம் செய்தால் சென்னை வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குப் பொறுக்குமா? புகார் லண்டன் வரை போனது. இந்தியா மந்திரி மார்லி 1910-ல், அரசு கற்றுக்கொடுக்கலாம், கடை வைக்கக் கூடாது என்று உத்தரவு அனுப்பினார். அரசு ஆலை விற்கப்பட்டது. இரண்டே வருஷம் கழித்து, 1912-ல், ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் பல்லாவரத்தை ஒட்டி குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. பம்மல், நாகல்கேணி என்று டேனரிகள் பரவின. குரோம்பேட்டை பிறந்த கதை இதுதான். அந்த நிலம் நெடுங்காலம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. நடுவில் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போய், 2019-ல் புதிய செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது திரும்பி வந்திருக்கிறது.

ஆவாரை அத்தோடு செத்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. 1914-ல் போர். சிப்பாய்களுக்கு லட்சக்கணக்கில் பூட்ஸ் வேண்டும். ஃபிலடெல்ஃபியாவின் வழுவழுப்பு ஷூ பள்ளத்தில் உதவாது. கெட்டியான மேல்தோல் வேண்டும், அது சென்னை கிப். 1916-ல் பிரிட்டிஷ் போர்த் துறை கிப் தோல் முழுவதையும் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. மூடிய டேனரிகள் திறந்தன, ஆவாரம்பட்டைக்குப் பறந்தார்கள். பிரான்சின் சேற்றில் நடந்த எத்தனையோ பூட்ஸில் நம் பாறைச் செடியின் துவர்ப்பு இருந்திருக்கிறது.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு தற்செயல். அந்தப் போர்க்காலத்தில் இந்திய ஆயுத உற்பத்தி வாரியத்தின் தலைவராகத் தோல் உள்பட எல்லாவற்றையும் மேய்த்தவர் சர் தாமஸ் ஹாலண்ட். 1916 முதல் 1918 வரை இந்தியத் தொழில் கமிஷனின் தலைவரும் அவரே. ஆனால் மனுஷன் அடிப்படையில் ஜியாலஜிஸ்ட். பல்லாவரம், பரங்கிமலைக் கருங்கல்லை ஆராய்ந்து 1900-ல் விரிவாக எழுதி, அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் கொடுத்தவர். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம் சென்னைப் பக்கத்துக் கல், அதனால் அந்தப் பெயர். மகேந்திரவர்மன் காலத்தில் பல்லாவரத்தில் குகைக் கோயில் குடைந்ததும் அந்தக் கல்லில்தான். ஆக, ஆவாரை வேர்விடும் பாறைக்குப் பெயர் வைத்தவர், ஆவாரையில் பதனிட்ட தோலைப் போருக்குக் கணக்குப் பார்த்தார். அவருக்கு இரண்டுக்கும் உள்ள தொடர்பு தோன்றியிருக்குமா?

போர் முடிந்ததும் 1919-ல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீதத் தீர்வை போட்டார்கள். உள்ளூர் டேனரிகள் பிழைத்தன, ஆனால் ஆவாரை பிழைக்கவில்லை. இந்த முறை எதிரி உலோகம் அல்ல, இன்னொரு மரம். ஆஸ்திரேலியாவில் பிறந்து, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஏக்கர் ஏக்கராக வளர்க்கப்பட்ட வாட்டில். அதன் பட்டையில் டேனின் ஆவாரையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்து இறங்கும், தரம் மாறாது. இங்கேயோ காடு காடாக அலைந்து விரல் மொத்தக் குச்சியில் உருவ வேண்டும், மழை வந்தால் வரத்து நின்றுபோகும். கணக்குப் பிள்ளைக்கு முடிவெடுக்க ஒரு நிமிஷம் போதும். 1920, 30-களில் டேனரித் தொட்டிகளில் ஆவாரையின் இடத்தை வாட்டில் பிடித்தது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் செடி என்று சொன்னேனே, அது அப்படியே துளிர்த்துக்கொண்டுதான் இருந்தது. வெட்டத்தான் ஆள் வரவில்லை. தலைச்சுமைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்த கூலி ஜனங்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதை எழுதத் தர்ஸ்டன் போல யாரும் வரவில்லை.

1946-ல் இன ஒதுக்கல் சட்டங்களை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவோடு இந்தியா வர்த்தக உறவை முறித்தது. ஆவாரைக்குத் திரும்பி வர வாய்ப்பு! ஆனால் நாம் என்ன செய்தோம்? நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டிலையே நட்டோம், புல்வெளியை மூடி. சோலைக்காடுகளுக்கு நடுவே இருந்த அந்தப் புல்வெளிகள்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தவை. இன்று அதே வாட்டிலை வேரோடு எடுக்க சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருக்கிறது. யாரும் நடாமல் சரளையில் தானே வளர்ந்த செடியை விட்டுவிட்டு மலையைக் கெடுத்துக்கொண்டோம். அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உள்நாட்டுப் பட்டைகளைப் பற்றியும் ஆராய்ந்தது. ஆனால் காலம் அதற்குள் குரோமின் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது.

குரோம் தந்த காசு உண்மை. ஆம்பூர் ஷூவும் ராணிப்பேட்டைத் தோலும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. தண்ணீர் கெட்டதும் உண்மை. வேலூர் மக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் நிலைநாட்டப்பட்டது. டேனரிகளால் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் கொஞ்சமாகவோ முழுசாகவோ பாழானதாக ஓர் ஆய்வை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்ட மாவட்டங்களின் பட்டியலில் வட ஆற்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சியோடு ஐந்தாவதாக இருந்தது நம் மாவட்டம், அன்றைய பெயரில் செங்கை எம்.ஜி.ஆர். நாகல்கேணி கிணறுகளின் கதை அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது.

உடனே, 'ஆவாரைக்கே திரும்பிவிடலாமே, இயற்கையாச்சே' என்று சிலர் கிளம்புவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பட்டைத் தொட்டிக் கழிவும் கறுப்பாகத்தான் ஓடும், சீக்கிரம் மக்காது. தோலைப் பதப்படுத்தும் உப்பும் சுண்ணாம்பும் இரண்டு முறையிலும் அதே அளவு. அந்தக் குழிகளில் இறங்கி நின்றவர்களின் காலைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டார்கள். தாவரப் பட்டையில் பதனிடும் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' முற்றிலும் போய்விடவில்லை. 2000-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் பொருளாக அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் தொட்டியில் இப்போது கொட்டுவது பெரும்பாலும் வாட்டில் சாறு. பெயர் பழையது, பட்டை வேறு.

ஆவாரையும் வேறு வேலைக்குப் போய்விட்டது. பூவைக் காயவைத்துப் பாக்கெட் போட்டு டீ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். குளியல் பொடியில் சேர்க்கிறார்கள். தை மாதம் வந்தால் மார்க்கெட் வாசலில் கட்டுக் கட்டாக வந்து இறங்குகிறது. சென்னைக்கு வரும் கட்டுகளில் எத்தனை செங்கல்பட்டுக் கரம்பிலிருந்து வருகின்றனவோ தெரியாது. கரம்பு எல்லாம் பிளாட் கல் நட்டு வேலி போட்டாயிற்று, மீதியைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது.

மாமல்லபுரம் ட்ரிப் போடும் நண்பர்களுக்கு ஒரு விஷயம். மஞ்சளாகப் பூத்ததெல்லாம் ஆவாரை அல்ல. ரோட்டோரத்தில் நட்டு வைத்த தங்க அரளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். இலைக்காம்பின் அடியில் அந்தக் காது மடல் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள், தட்டையான காகிதம் போன்ற காய் தொங்குகிறதா பாருங்கள். அதுதான் என்று உறுதியானால், ஒரு சின்னக் குச்சியில் நகத்தால் பட்டையைக் கீறி நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். வாய் சட்டென்று வறண்டு இழுக்கும்.